பைபுறோசிஸ்: ஈரல் நாரோடுவது

பக்கத்து வீட்டு அண்ணை போன கிழமை தன் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி இருப்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். கொப்பியில் ஒரு புதுச் சொல் ஏறியிருந்தது: பைபுறோசிஸ். "தம்பி, இது செங்கமாரி முத்தினதோ?" என்று கேட்டார்.

இல்லை. செங்கமாரி கண்ணில் தெரியும். இது வெளியே தெரியாது. ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் ஆறு மாதத்துக்கு மேல் உடம்பில் தங்கினால் அதை நாட்பட்ட தொற்று என்பார்கள். ஈரல் காயப்பட்டு ஆறி, திரும்பவும் காயப்பட்டு ஆறும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தழும்பு நார் மிஞ்சும். அது கூடிக்கொண்டே போனால் ஈரல் இறுகிச் சுருங்கும். அந்தக் கடைசி நிலைதான் சிரோசிஸ்.

லத்தீனில் 'ஃபீப்ரா' என்றால் நார். 'ஓசிஸ்' கிரேக்க விகுதி, ஒரு நிலை உண்டாவதைக் குறிக்கும். உரோமர் ஃபீப்ரா என்ற அதே சொல்லை ஈரலின் மடலுக்கும் வழங்கியிருக்கிறார்கள். பலியிட்ட ஆட்டின் ஈரலைப் பார்த்து வரப்போவதைச் சொல்லும் குறிகாரர் அவர்களிடம் இருந்தார்கள். அந்தக் கலைக்குரிய வெண்கல ஈரல் ஒன்று 1877இல் இத்தாலியின் பியாச்சென்சாவுக்கு அருகே கிடைத்தது. ஈரலைப் பார்த்து ஊரின் எதிர்காலத்தைக் கேட்ட சொல், இன்று ஈரலின் எதிர்காலத்தைக் கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறது!

தமிழில் 'இழைநார்ப் பெருக்கம்' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் அண்ணைக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, "இது நாரோடிப்போச்சு" என்று வைத்துவிடுவார்களே, அதுதான் என்றேன். உடனே பிடிபட்டது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். அந்த ஊர்க்காரர் நாங்கள் 'ஈரல் நாரோட்டம்' என்று துணிந்து சொல்லலாம்.

சரி, வெட்டிப் பார்க்காமல் நாரை எப்படி அறிவது? பிப்-4 என்றொரு கணக்கு உண்டு. ஏஎஸ்ரி, ஏஎல்ரி இரண்டும் ஈரல் காயப்பட்டால் இரத்தத்தில் கூடும் நொதியங்கள்; பிளேற்லெற் இரத்தத்தை உறையவைக்கும் சிறு துணிக்கை. வயதை ஏஎஸ்ரி அளவால் பெருக்கவேண்டும். ஆயிரக்கணக்கில் எடுத்த பிளேற்லெற் எண்ணிக்கையை ஏஎல்ரியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்த தொகையால் முதலாவதை வகுக்கவேண்டும். அண்ணைக்கு வயது 50, ஏஎஸ்ரி 60, ஏஎல்ரி 49, பிளேற்லெற் 150 ஆயிரம். 3000ஐ 1050ஆல் வகுத்தால் 2.86. 1.45க்குக் கீழே என்றால் கடும் நாரோட்டம் இருக்க வாய்ப்புக் குறைவு, 3.25க்கு மேலே என்றால் வாய்ப்பு அதிகம். இவர் நடுவில் நிற்கிறார். பிளேற்லெற் ஏன் கணக்கில் வருகிறது? ஈரல் இறுகினால் அதற்குள் போகும் இரத்தம் தடைப்பட்டு மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேற்லெற்றைப் பிடித்துவைக்கும்.

நடுவில் நிற்பவருக்கு விறைப்பை அளக்கும் ஸ்கான் தேவை. விலாவில் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தைப் பார்ப்பார்கள். நார் கூடினால் வேகம் கூடும். இதுவும் முருங்கைக்காய் முறுக்கும் வேலைதான்.

ஒன்றில் மட்டும் உவமை பொருந்தாது. நாரோடின காய் திரும்பப் பிஞ்சாகாது. ஈரல் ஆகும். இந்த வைரஸை அடக்கும் ரெனோபோவிர் மருந்தை ஐந்து வருடம் எடுத்தவர்களின் ஈரல் துணுக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. பாதிப் பேருக்கு நார் குறைந்திருந்தது. இதை அண்ணைக்கு இரண்டு தரம் சொன்னேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நாரோட்டம்' என்று பேனையால் எழுதிக்கொண்டு போனார். ஸ்கானுக்கு வருகிற புதன்கிழமை திகதி.