குளுக்கோசுத் தண்ணீர் குடித்த பிறகு

கிளினிக் நாளன்று காலை ஏழு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிட்டன. தங்கைக்குத் துணையாகப் போயிருந்தேன். அவளுக்குக் கர்ப்பத்தின் 26ஆவது வாரம், கர்ப்பகால நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. முதல்நாள் இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டதோடு சரி, விடிந்ததிலிருந்து தேத்தண்ணீர்கூட இல்லை. முதல் குருதி எடுத்த கையோடு தாதி ஒரு குவளையை நீட்டினார். "பிள்ளை, ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். குடித்துவிட்டு இந்த இடத்தைவிட்டு எழும்பக்கூடாது." குவளையில் 75 கிராம் குளுக்கோசு கரைந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் மாமியார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவையும் குடித்தால் இல்லாத சீனி வருத்தமும் வந்துவிடாதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி ஓடுகிறது. வெறுவயிற்றில் அதற்குள் கரைந்திருக்கும் குளுக்கோசு முழுவதையும் திரட்டினால் நாலரைக் கிராம்தான் தேறும், ஒரு தேக்கரண்டி அளவு. அந்த ஒரு கரண்டி ஓடும் இடத்துக்குள் பதினாறு மடங்கை ஒரே மூச்சில் விடுகிறோம். அப்படியிருந்தும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களின் குருதியில் குளுக்கோசு பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். பரிசோதனை அளப்பது இதைத்தான். நேற்று எவ்வளவு இனிப்புச் சாப்பிட்டீர்கள் என்று அது கேட்கவில்லை. திடீரென்று வந்த வெள்ளத்தை உங்கள் உடல் எவ்வளவு விரைவாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்றே பார்க்கிறது.

வெங்காயத் தோட்டத்தில் இறைப்புப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கிணற்றடியில் இயந்திரம் தண்ணீரை வாய்க்காலில் கொட்டிக்கொண்டே இருக்கும். மண்வெட்டியோடு நிற்பவர் ஒவ்வொரு பாத்தியின் வாயையும் வெட்டித் திறந்து, நிறைந்ததும் அடைத்து, அடுத்ததற்கு மாற்றுவார். அவர் கை தளர்ந்தால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடும். இன்சுலின் அந்த மண்வெட்டிக்காரர். தசைகளும் கொழுப்பிழையமும் பாத்திகள். ஈரலோ பாத்தியும் ஆகும், கிணறும் ஆகும்: சாப்பிட்ட பின் குளுக்கோசைச் சேமிக்கும், இரவில் நாம் உறங்கும்போது சிறிது சிறிதாக வெளியே விடும்.

கர்ப்பகாலத்தில் பாத்திகளின் வாய் இறுகத் தொடங்குகிறது. இறுக்குவது சூல்வித்தகம், ஊர்ப்பேச்சில் நஞ்சு. அது சுரக்கும் ஓமோன்கள் தாயின் தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இன்சுலினுக்கான உணர்திறன் பாதியளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். இது நோயல்ல, ஏற்பாடு. தாயின் உடல் கொழுப்பை எரித்துச் சமாளிக்கட்டும், குளுக்கோசு பிள்ளைக்குப் போகட்டும் என்பதே கணக்கு. ஈடுசெய்யத் தாயின் சதையி (கணையம்) இரண்டு மடங்குக்கும் மேலாக இன்சுலின் சுரக்கும். இறுகிய மண்ணுக்கு இன்னும் இரண்டு மண்வெட்டிகளை இறக்குவது போல.

சிலரின் சதையியில் அந்த உபரி ஆள்பலம் இருப்பதில்லை. அவர்களுக்கு வருவதுதான் கர்ப்பகால நீரிழிவு. பெற்றோருக்கோ சகோதரர்களுக்கோ சலரோகம் இருப்பது, உடற்பருமன், முந்திய பிள்ளை பெரிதாகப் பிறந்தது, வயது கூடியிருப்பது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். தெற்காசியராக இருப்பதும் கூட்டும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மெலிந்த, இனிப்பையே தொடாத பெண்ணுக்கும் வரும். "மாம்பழம் சாப்பிடாதே என்று சொன்னேனே" என்று அறிக்கை வந்த அன்றைக்கு வீட்டில் தொடங்கும் விசாரணை எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். கருத்தக்கொழும்பான் மாம்பழம் சூல்வித்தகத்தை உண்டாக்கவில்லை.

சூல்வித்தகம் வளர வளர இறுக்கமும் கூடும். அதனால்தான் முதல் கிளினிக்கில் சீனி பார்த்துச் சரி என்று சொன்னவர்களையும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி அழைக்கிறார்கள். முதல் தடவை தேடுவது முன்பே மறைந்திருந்த நீரிழிவை. இரண்டாவது தடவை தேடுவது கர்ப்பம் கொண்டுவந்ததை.

மூன்று குத்துக்கும் மூன்று வேலை. வெறுவயிற்றுக் குருதி, இரவு முழுவதும் ஈரலைக் கட்டுப்படுத்தினீர்களா என்று சொல்லும். ஒரு மணி நேரக் குருதி வெள்ளத்தின் உச்சத்தையும், இரண்டு மணி நேரக் குருதி வடிந்த வேகத்தையும் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட எல்லைகள் டெசிலீற்றருக்கு முறையே 92, 180, 153 மில்லிகிராம். மூன்றில் ஒன்று எட்டினாலே போதும், கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லிவிடுவார்கள். "92 எல்லாம் ஒரு சீனியா, எனக்கு 110" என்று அப்பா சொல்லக்கூடும். ஆனால் கர்ப்பிணியின் வெறுவயிற்று அளவு இயல்பாகவே கீழே இறங்கும், இரவு முழுவதும் பிள்ளை எடுத்துக்கொண்டே இருப்பதால். ஆகவே அவளுடைய 92ஐ அப்பாவின் 110ஓடு ஒப்பிட முடியாது. பட்டினி கிடக்கும் கர்ப்பிணிக்கு மற்றவர்களைவிட விரைவாகத் தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழும்பக்கூடாது என்று தாதி சொன்னது கண்டிப்புக் காட்டவல்ல. நடந்தால் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமல் தாமாகவே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும், அளவு பொய்யாக இறங்கும். சத்தி எடுத்துவிட்டால் குடித்தது எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாது, இன்னொரு நாள் திரும்ப வரவேண்டும். சில இடங்களில் தேசிக்காய்ச் சாறு ஓரிரு துளி விட்டுக் குடிக்க விடுவார்கள். எல்லா இடத்திலும் விட்டால் நல்லது. பரிசோதனையில் "பாஸ்" பண்ணுவதற்காக முன்கூட்டியே மூன்று நாள் சோற்றையும் புட்டையும் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அது எதிர்மாறாக முடியலாம். மாப்பொருள் இல்லாமல் பழகிய உடல், திடீரென்று 75 கிராம் வந்ததும் தடுமாறி உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது.

குருதி குழாய்க்குள் போன பிறகும் கதை முடியவில்லை. செங்குழியங்கள் அங்கேயும் உயிரோடிருந்து குளுக்கோசைத் தின்கின்றன, அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. 95 ஆக இருந்த வெறுவயிற்று அளவு 92க்குக் கீழே இறங்க, கவனியாமல் விட்ட ஒரு மணி நேரம் போதும். சித்திரை வெயிலில் இன்னும் விரைவு. அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் புளோரைட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் முழுமையாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால், பனிக்கட்டியில் வைத்துச் செங்குழியங்களை விரைவாகப் பிரித்துவிடுவதே சிறந்த முறை.

பட்டினியோடு வருவது எல்லோருக்கும் ஒன்றுபோலல்ல. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வரவேண்டிய ஒருத்திக்கு வெறுவயிறு என்பது வேறு கணக்கு. சென்னை மருத்துவர் வீராசாமி சேஷையா முன்னின்று பரப்பிய இந்திய முறையில் சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குடிக்கலாம், இரண்டு மணி நேரத்தில் ஒரே குத்து, எல்லை 140. வசதிதான். ஆனால் மூன்று குத்து கண்டுபிடிக்கும் சிலரை அது தவறவிடுகிறது. என்னைக் கேட்டால், வராமலே விடுவதைவிட ஒரு குத்து மேல்.

இந்த எல்லைக்கோடுகள் எங்கிருந்து வந்தன? 1964இல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மகானும் வகுத்த முதல் அளவுகோல், தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதை முன்கூட்டிச் சொல்வதற்கானது. பிள்ளையின் நலனை வைத்துக் கோடு கிழித்தது பின்னர். ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. தாயின் குளுக்கோசு கூடக்கூடப் பிள்ளையின் எடையும் சிக்கல்களும் சீராகக் கூடிக்கொண்டே போயின, இதற்கு மேல்தான் ஆபத்து என்று ஒரு படி எங்கும் தென்படவில்லை. ஆகவே 92 என்பது நிபுணர்கள் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட இடம். 91 வந்தவர் கொண்டாடவும் வேண்டாம், 92 வந்தவர் உடைந்துபோகவும் வேண்டாம்.

பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே விளக்கிவிட்டார். குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடக்கும், தாயின் இன்சுலின் கடக்காது. கூடுதல் குளுக்கோசைக் கண்ட பிள்ளையின் சதையி தன் சொந்த இன்சுலினைப் பெருக்குகிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சி ஓமோன் போலவும் வேலை செய்வதால் பிள்ளை கொழுத்து வளர்கிறது, தோள் சிக்கும் பிரசவத்துக்கு வழி பிறக்கிறது. பிறந்து கொடி வெட்டியதும் குளுக்கோசு நின்றுவிடும், பிள்ளையின் இன்சுலின் நிற்காது. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குச் சீனி விழுவது அப்போதுதான். "கொழுகொழு" என்று எல்லோரும் மகிழும் பிள்ளையின் குதிக்காலில் தாதி ஊசி குத்திப் பார்ப்பதற்குக் காரணம் அதுவே.

கூடுதல் என்று வந்த பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டை மாற்றுவதும் நடையுமே போதுமானதாகிறது. சோற்றை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்து, அருகில் மீனும் பருப்பும் இலைக்கறியும் கூட்டினால் வெள்ளம் மெதுவாக வரும். பனங்கட்டியை "இயற்கை" என்று நம்பி நக்கிக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்குரோசு. ஊசி போடவேண்டி வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, இன்சுலின் பிள்ளையிடம் போய்ச் சேராது.

பிரசவத்தில் நஞ்சு வெளியேறியதும் பாத்திகளின் வாய் பெரும்பாலும் சில நாட்களிலேயே இளகிவிடும். ஆனால் ஆள்பலம் குறைந்த சதையி அதே சதையிதான். இவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. ஆகவே ஆறாவது வாரத்தில் இன்னொரு பரிசோதனை உண்டு. முப்பத்தொன்று கழிந்து, சரக்குக் கறி முடிந்து, வீடு முழுவதும் பிள்ளையைச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வரும், அதனால் மறந்தும் போகும். அதே 75 கிராம், அதே புரட்டல். எல்லைகள் மட்டும் சாதாரண ஆட்களுக்குரியவை: வெறுவயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200. ஒரு மணி நேரக் குத்து இந்தத் தடவை இல்லை. தங்கையிடம் இதைச் சொன்னபோது, அந்த ஒரு குத்துக் குறைவதில்தான் அவள் முகம் மலர்ந்தது.