இரண்டு இரவுக்கு ஒரு பழைய ஊர்: முன்பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அலுவலக வேலையாக வியன்னா போகிறார்கள், வேலை முடிந்ததும் இரண்டு இரவு கையில் இருக்கிறது. அந்த அம்மா கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏரிக்கரை, ஊசி மாதிரி ஒரு தேவாலயக் கோபுரம், பின்னால் நெட்டுக்குத்தான மலை, அதில் ஒட்டி வைத்தது போல மர வீடுகள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட். "ஒரு நாள் காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம், இல்லையா?" என்று கேட்டார்.

போகலாம். ரயிலில் போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். அப்படியானால் அவர்கள் ஊருக்குள் இருப்பது பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை. சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்குவதும் அதே நேரத்தில்தான். 800 பேர்கூட இல்லாத அந்த ஊருக்குக் கூட்டமான நாட்களில் 10,000 பேர் வரை வருகிறார்கள். 2023-இல், எல்லோரும் நின்று படம் எடுக்கிற இடத்தில் பார்வையை மறைத்து ஒரு மரவேலியே வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் எந்த அளவுக்கு நொந்துபோயிருந்தால் வேலி வைத்திருப்பார்கள்!

பயணத் திட்டம் போட்டுத் தருவதுதான் என் தொழில். பழைய ஊர்களைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். அது பெரும்பாலும் விடியற்காலையில், தெருவில் யாருமே இல்லாதபோது எடுத்த படம். ஆனால் அவர்கள் திட்டமிட்டு வைத்திருப்பதோ நடுப்பகலை. அதனால் நான் முதலில் கேட்பது, "அந்த ஊரின் எந்த நேரம் உங்களுக்குக் கிடைக்கப்போகிறது?" என்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் நுழைகிறீர்கள், ஞாயிறு காலை பதினொன்றுக்குக் காலி செய்கிறீர்கள். மொத்தம் 44 மணி நேரம். தூக்கத்துக்கு 16, குளியல், சாப்பாடு, கொஞ்சம் கால் நீட்டிப் படுப்பதற்கு ஒரு 8. மிச்சம் 20 மணி நேரம். குட்டி விடுமுறை என்பது இவ்வளவுதான். இந்த இருபதில் எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்பதிலும் பேருந்துக்குக் காத்திருப்பதிலும் போகும் என்பதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பும் வாசலிலிருந்து அறை வாசல் வரை நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், இரண்டு இரவுக்கு அந்த ஊரை நான் பரிந்துரைப்பதில்லை.

அளவும் முக்கியம். இலங்கையின் காலிக் கோட்டை சுமார் 36 ஹெக்டேர்தான். மதில் மேலேயே ஊரைச் சுற்றி வரலாம், இரண்டாம் நாளே தெருக்கள் பழகிவிடும். குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கைச் சுற்றியுள்ள மதில் 1,940 மீட்டர். இதெல்லாம் இரண்டு இரவுக்குச் சரியான அளவு. மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகரத்தில் சந்துகள் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்பார்கள். அற்புதமான ஊர், ஆனால் முதல் நாள் முழுக்க வழி தவறுவதிலேயே போய்விடும். அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

இந்த ஊர்கள் ஏன் பழசாகவே இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? பல ஊர்களுக்குப் பதில் ஒன்றுதான்: ஒரு கட்டத்தில் பணம் வருவது நின்றுவிட்டது. பெல்ஜியத்தின் ப்ரூஜ் ஒரு காலத்தில் வட ஐரோப்பாவின் பெரிய வணிக நகரம். கடலோடு அதை இணைத்த ஸ்வின் என்ற கடற்கழி மணல் சேர்ந்து தூர்ந்துபோனதும் கப்பல்கள் வரவில்லை, வணிகர்கள் ஆன்ட்வெர்ப்புக்கு மாறினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லாததால் பழைய வீடுகள் அப்படியே தங்கிவிட்டன. ஜெர்மனியின் ரோத்தன்பர்க், ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் நொடித்துப்போய் அதன்பின் வளரவே இல்லை. இன்று நாம் அழகு என்று ரசிப்பது, அன்று அந்த மக்கள் பட்ட கஷ்டத்தின் மிச்சம். எனக்கு இது மனதில் எப்போதும் இருக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சங்கதியும் உண்டு. நடந்து போகிறவர்களுக்கும் மாட்டுவண்டி, குதிரைவண்டிக்கும் போட்ட தெரு அது. கார் நுழையாது, கல் பாவிய தரையில் சூட்கேஸ் சக்கரம் உருளாது, நானூறு வருட வீட்டில் லிஃப்ட் இருக்காது. இதை நான் ஒரு தடவை தவறவிட்டேன். எழுபது வயதைத் தாண்டிய தாயாரோடு ஒருவர் ஒரு மலையூருக்குப் போனார். அறை நகர வாசலிலிருந்து 200 மீட்டர் என்றார் விடுதிக்காரர். நானும் 200 மீட்டர்தானே என்று குறித்துக்கொண்டேன். அந்த 200 மீட்டரும் படிகள் என்று நான் கேட்கவே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு அவர் போன் செய்தார். அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார், முழங்கால் நகரவில்லை, மடியில் கைப்பை, மேலே கொளுத்துகிற வெயில். அந்தத் தெருப் பையன்கள் இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே போக, அம்மா படிக்குப் படி உட்கார்ந்து ஏற, முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் முழுவதும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய விடுமுறையில் பாதியைக் கெடுத்தது நான் கேட்காமல் விட்ட கேள்வி.

இப்போது யாருக்கு முன்பதிவு செய்தாலும் விடுதிக்கு எழுதிக் கேட்டுவிடுகிறேன். வண்டி எந்த இடம் வரை வரும்? அங்கிருந்து எத்தனை படி? அறை எத்தனையாவது மாடி? "கொஞ்ச தூரம்தான்", "பக்கத்தில்தான்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், எண்ணிக்கையாகக் கேளுங்கள். ஊருக்குள் ஏற வேறு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பெயினின் டொலேடோவை மூன்று பக்கமும் ஆறு வளைத்துப் போகிறது, ஊர் மேட்டில் இருக்கிறது, ரயில் நிலையம் கீழே. ஆனால் அங்கே சரிவில் நகரும் படிக்கட்டுகள் அமைத்திருக்கிறார்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்த ஒரு வசதி, பத்து அருங்காட்சியகத்துக்குச் சமம்.

அடுத்து, அந்த ஊரில் யாராவது குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெனிஸின் பழைய நகரப் பகுதியில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. கட்டடங்கள் இருக்கின்றன, கால்வாய்கள் இருக்கின்றன, வீட்டுக்காரர்கள் இல்லை. குடியிருப்பவர்கள் போய்விட்டால் முதலில் மூடுவது பள்ளிக்கூடமும் மளிகைக் கடையும். அந்த இடத்தில் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மை விற்கிற கடை வரும். அப்புறம் எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே கடை, அதே பொம்மை.

இதைக் கண்டுபிடிக்க அங்கே போக வேண்டியதில்லை. கைபேசி வரைபடத்தில் பழைய நகரப் பகுதியைப் பெரிதாக்கி, மதிலுக்குள் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சலூன், செருப்புத் தைக்கிற கடை இருக்கிறதா என்று தேடுங்கள். தெருக் காட்சிப் படங்களில் ஜன்னலில் துணி காய்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் இருந்தால் நான் பாதி தீர்மானித்துவிடுவேன். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு ஓடுகிற தெருவில் நிற்கும் சுகம், எந்த நுழைவுச்சீட்டிலும் கிடைக்காது.

தங்குவது மதிலுக்கு உள்ளேயே இருக்கட்டும். வாடகை கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதற்காக ஓர் இரவைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்பேன். பகல் கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிளம்பிவிடும். அதற்குப் பிறகும், காலை ஒன்பதுக்கு முன்பும்தான் ஊர் ஊராக இருக்கும். இரண்டு இரவு தங்கினால் இரண்டு சாயங்காலம், இரண்டு விடியல் உங்களுக்கு. துறைமுக ஊர் என்றால் எந்தத் தேதியில் எத்தனை பயணக் கப்பல் வருகிறது என்ற பட்டியல் பெரும்பாலும் முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கும், பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். டுப்ரோவ்னிக் 2019-இல் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் பழைய நகரை ஒட்டிய ஜுடெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. வெனிஸில் 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில், தங்காமல் பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு.

தங்குமிடம் பற்றி இன்னொன்று. முழு வீட்டையும் சுற்றுலாப் பயணிகளுக்கே வாடகைக்கு விடுவதுதான் பல பழைய ஊர்களில் குடும்பங்கள் வெளியேற ஒரு காரணம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு விடுகிற அறையோ, உரிமம் பெற்ற சிறிய விடுதியோ கிடைத்தால் அதை எடுங்கள். உங்கள் பணம் அந்தத் தெருவிலேயே தங்கும், எந்தச் சந்தில் போகக்கூடாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில் 2024-இல் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் வரத் தடை போட்டார்கள், அங்கே வேலைக்குப் போகிற கெய்ஷாக்களை, அதாவது பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களான பெண்களை, வழிமறித்துப் படம் எடுத்ததால்.

பருவத்தைப் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். வியட்நாமின் ஹோய் ஆன் ஆற்றங்கரை ஊர். அக்டோபர், நவம்பரில் ஆற்று வெள்ளம் தெருவுக்கே வருவது உண்டு. ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நீங்கள் பார்க்கப் போகிற முக்கியக் கட்டடத்துக்குச் சாரம் கட்டி வேலை நடக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்பதற்காகவே ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்று சிலர் நிற்பார்கள். அந்தப் பட்டியல் சொல்வது ஊரின் மதிப்பை. நீங்கள் அங்கே நிம்மதியாக இரண்டு நாள் இருக்க முடியுமா என்பது அதில் இல்லை. செக் நாட்டில் செஸ்கி க்ரும்லோவும் டெல்ச்சும் 1992-இல் ஒரே ஆண்டில்தான் பட்டியலில் சேர்ந்தன. கூட்டம் முழுக்க முதல் ஊருக்குப் போகிறது. டெல்ச்சில் ஒரு நீண்ட சதுக்கம், இரண்டு பக்கமும் வளைவுத் தாழ்வாரம் வைத்த வண்ண வீடுகள், சுற்றிலும் குளங்கள். அமைதி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ப்ரூஜில் கூட்டம் என்றால் ரயிலில் அரை மணி நேரத்தில் கென்ட் இருக்கிறது, அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் ஊரை ஊராக வைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற ஊருக்கு அருகில் இருக்கிற இரண்டாவது ஊரை ஒரு தடவையாவது தேடிப் பாருங்கள்.

சரி, அந்தத் தம்பதி என்ன செய்தார்கள்? டெல்ச் சொல்லிப் பார்த்தேன், அந்த அம்மாவுக்கு ஏரியின் மேல்தான் மனது. இரண்டு இரவும் ஹால்ஸ்டாட்டிலேயே தங்கும்படி மாற்றினோம். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது, இறங்கினால் படகில்தான் ஊருக்கு வர வேண்டும். அந்தப் படகு ரயில் நேரத்தை ஒட்டி ஓடுவது, இரவில் கிடையாது. அதைக் கணக்குப் போட்டுப் பிற்பகல் ரயிலைப் பிடிக்கச் சொன்னேன். படி எண்ணிக்கையையும் கேட்டு வாங்கினோம்: படகுத் துறையிலிருந்து 61.

திரும்பி வந்ததும் படங்களைக் காட்டினார்கள். அந்தப் பிரபலமான கோணத்தில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வேறு. மலைக்கும் ஏரிக்கும் நடுவே இடமே இல்லாத ஊர் அது. கல்லறைக்குக்கூட நிலம் போதாமல் பழைய எலும்புகளைத் தோண்டியெடுத்து ஒரு சிறிய தேவாலயத்தில் அடுக்கிவைத்திருக்கிறார்கள், மண்டை ஓடுகளில் பூவும் இலையும் பெயரும் வரைந்து. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது காலை வெளிச்சத்தில் எடுத்த படம்தான் கடைசி. ஒரு வீட்டின் சுவரோடு சுவராக, கொடியைப் போல் தட்டையாகப் படரவிட்ட பழ மரம். ஏணி மேல் நின்று ஒரு பெரியவர் அதன் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். கீழே தெருவில் வேறு யாருமே இல்லை.