முந்நூறு கடிதமும் ஒரு பென்சில் படமும்

சில ஆண்டுகளுக்கு முன், வன்னிக் கரையோரத்தில் வரவிருந்த ஒரு காற்றாலைத் திட்டத்துக்கு ஊர்மக்கள் எழுதிய ஆட்சேபனைக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய என் மேசைக்கு வந்தன. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த குழுவில் நானும் ஒருவன். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு.

முந்நூறுக்கு மேல் இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே கடிதம். யாரோ ஒருவர் எழுதியதைப் போட்டோக்கொப்பி எடுத்து, கீழே ஆளுக்கொரு கையெழுத்து. "எமது கிராமத்தின் இயற்கை அழகு அழியும், பறவைகள் அழியும், கடற்றொழில் அழியும், ஆகவே திட்டத்தைக் கைவிடவும்." உண்மையைச் சொன்னால், முந்நூறுக்கும் சேர்த்து ஒரே பந்தியில் பதில் எழுதி முடித்தேன். அரை மணித்தியாலம் கூடப் பிடிக்கவில்லை. பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாக ஒரு பதில். சட்டப்படி அது போதும்.

பெட்டியின் அடியில் ஒரு கொப்பித் தாள் கிடந்தது. பென்சிலால் வரைந்த படம். மேலே குளம், கீழே கடல்நீரேரி, நடுவில் வயல். மாரி வெள்ளம் இறங்கும் பள்ளம் ஒன்று வளைந்து வளைந்து போகிறது. அதற்குக் குறுக்கே, பெரிய லொறிகள் வருவதற்காக நாங்கள் முன்மொழிந்திருந்த பாதை. பக்கத்தில் இரண்டு வரி: "இதில் கார்த்திகை மார்கழியில் இரண்டு அடி தண்ணி நிற்கும். உங்கள் றோட்டு மறித்தால் அது எந்தப் பக்கத்தால் போகும்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து பொறியியலாளரை அழைக்க வேண்டியதாயிற்று. நில மட்டம் அளந்தார்கள். பாதையில் மூன்று மதகுகள் கூடின, ஒரு காற்றாலைக் கோபுரத்தின் இடம் மாறியது. முந்நூறு கையெழுத்து அசைக்காததை ஒரு பென்சில் படம் அசைத்தது. எழுதியவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு கமக்காரர்.

நான் காற்றாலைக்கு எதிரி அல்ல. 2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை மறந்துவிடவில்லை. காற்று எங்களிடம்தான் இருக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற அடியில் பூநகரிக் கரையில் குடை பிடிக்க முடியாது. பளைப் பக்கம் 2014இலேயே காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. மன்னார்த் தீவின் தென்கரையில் மின்சார சபையின் 'தம்பபவனி' 2020 மார்கழியில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட். இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். பனைமரத்தை அளவுகோலாக வைத்து வளர்ந்த கண்ணுக்கு இது எவ்வளவு பெரிசு என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது.

வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். நான் சொல்ல வருவது, எந்த முடிவானாலும் ஊரின் குரல் எப்போது, எப்படிக் கோப்புக்குள் போகிறது என்பதைத்தான்.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். அதன் கீழ், சுற்றாடல் அனுமதி எடுக்கவேண்டிய திட்டங்கள் எவை என்று 1993இல் வந்த வர்த்தமானிப் பட்டியலில், 50 மெகாவாட்டைத் தாண்டும் புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்கள் உண்டு. அதைவிடச் சிறியதென்றாலும் சரணாலயத்துக்குள்ளோ ஒதுக்கக் காட்டோரத்திலோ வந்தால் பட்டியலுக்குள் விழும். உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் வரும். தேசிய ஒதுக்கிடத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களமும் வரும்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கேட்பதே இல்லை. உங்கள் ஊருக்கு வருவது முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடா, அல்லது ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டுமா? முழு மதிப்பீடு என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விளம்பரம் வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஆரம்பப் பரிசோதனை என்றால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அறிக்கையைப் பார்க்கலாம். கருத்துக் கேட்டேயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியானால் விளம்பரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள். தராவிட்டால் 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள்.

அந்த 30 நாளில் வரும் ஒவ்வொரு கருத்தும் திட்டக்காரருக்குப் போகும். அவர் எழுத்தில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலையும் வைத்துத்தான் அனுமதிக்கும் நிறுவனம் முடிவெடுக்கும். கூர்மையான கேள்விக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். "அழியும்" என்றால் "அழியாது" என்று நாங்கள் எழுதிவிடுவோம். "எந்தப் பக்கத்தால் போகும்?" என்றால் அளந்துதான் ஆகவேண்டும்.

கூர்மையான கேள்வி என்றால் என்ன? சத்தத்தை எடுப்போம். 1996இன் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை. ஆகவே "சத்தம் வரும்" என்று எழுதாமல், "என் வீட்டுக்கும் இத்தனையாம் இலக்கக் கோபுரத்துக்கும் எத்தனை மீற்றர், சோளகக் காலத்து இரவில் என் முற்றத்தில் எத்தனை டெசிபல்?" என்று கேளுங்கள்.

பறவை விடயத்திலும் அப்படித்தான். மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று பதியப்பட்ட ஈரநிலம். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகளுக்கு இந்தக் கரை கடைசித் தரிப்பிடம் மாதிரி. அவை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நிற்கும். காற்று உச்சத்தில் அடிப்பதோ சோளகத்தில். இரண்டும் ஒரே பருவம் அல்ல என்பதால், பறவை கூடும் நாட்களில் குறிப்பிட்ட காற்றாலைகளை நிறுத்தி வைப்பது திட்டக்காரருக்கும் தாங்கக்கூடிய நிபந்தனைதான். அதைக் கேட்க வேண்டியவர்கள் விடிய முன் வலை இழுக்கப் போகும் ஆட்கள். பூநாரை எந்தப் பக்கமிருந்து எந்த உயரத்தில் வருகிறது என்பது ஆறு நாள் வந்து எண்ணிவிட்டுப் போகிற எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அழகு? கௌதாரிமுனை மணல்மேட்டில் நின்று பொழுது சாய்வதைப் பார்த்தவனுக்கு அதுதான் முதல் காரணமாகத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் எங்கள் கோப்புகளில் காட்சிக்கு எடை குறைவு. வெறும் அழகு என்று எழுதினால் அது இரசனை ஆகிவிடும். ஓர் இடத்தைச் சொல்லுங்கள். கோயில் வாசல், இறங்குதுறை, மண்ணித்தலையின் பழைய சிவன் கோவில் என்று ஏதாவது ஒரு புள்ளி. அங்கிருந்து பார்த்தால் கோபுரங்கள் எப்படித் தெரியும் என்பதை உண்மை அளவில் படமாகப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள். அந்த மணல்மேடு மழைநீரைத் தேக்கி உங்கள் கிணற்றுக்கு நல்ல தண்ணீர் தருகிறது என்றால் அதையும் எழுதுங்கள். அப்போது அது வெறும் அழகு அல்ல, குடிதண்ணீர்.

ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா எழும்பிக் கேட்டா: "தம்பி, இதெல்லாம் எழுதினாப் போலை நிப்பாட்டிப் போடுவினமோ?" நிப்பாட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனம் கொண்டுவந்த திட்டம் 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பறவைகள்தான் அதை நிறுத்தின என்று பலர் நம்புகிறார்கள். என் கணக்கில் அதைச் சாய்த்தது விலை. அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் அதிகம் என்று புதிய அரசு மறுபேச்சுக்குப் போக, 2025 மாசியில் நிறுவனமே விலகிக்கொண்டது. பிறகு 2025 ஆவணியில் மன்னார் மக்கள், வேறொரு காற்றாலைத் திட்டத்தின் கோபுரப் பாகங்கள் ஏற்றி வந்த வாகனங்களை மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். அந்தக் கோபம் நியாயமானது. பாதைகளும் அத்திவாரங்களும் வந்தபின் வெள்ளம் வடியவில்லை என்பது அவர்களின் நெடுநாள் முறைப்பாடு. ஆனால் லொறி தெருவுக்கு வருகிறது என்றால் அனுமதிக் காகிதம் எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள்.

அனுமதி மறுக்கப்பட்டால் திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஊருக்கு அந்தக் கதவு இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அந்த முடிவை இரத்துச் செய்யும் எழுத்தாணை கேட்கலாம், அல்லது உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். பின்னதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அங்கேயும் சட்டத்தரணி உங்களிடம் முதலில் கேட்பது, "கருத்துக் காலத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள், நகல் இருக்கிறதா?" என்பதைத்தான். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

காணி விடயம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே ஒன்று மட்டும். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியைச் சொந்த உறுதிக் காணி மாதிரி நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. ஆங்கிலத்தில் நீட்டும் தாளில், தமிழில் ஒருவர் வாசித்து விளங்கப்படுத்தும்வரை, பேனையை வைக்காதீர்கள். முற்பணத்துக்கு ஆசைப்பட்டு நாலைந்து குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்தக் கமக்காரரைப் பிறகு ஒருமுறை சந்தைக்குள் கண்டேன். "என்ரை படத்தைத் திருப்பித் தருவியளோ?" என்று கேட்டார். மூலத்தாள் கோப்புக்குள் போய்விட்டது. அறிக்கையின் பின்னிணைப்பிலிருந்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு வயலின் தெற்கு மூலையில் விரலை வைத்தார்.

"இதிலையும் ஒரு சின்னப் போக்கு இருக்கு, தம்பி. கீற மறந்து போனன்."