டிசீஸ் மேப்பிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

எந்தப் பட்டியில், எந்த நாளில், எத்தனை மாடுகளுக்கு நோய் கண்டது என்பதை இருப்பிடத்தோடு சேர்த்துக் கணினி வரைபடத்தில் ஏற்றி, நோய் போகும் திசையைப் பின்தொடர்வதுதான் 'டிசீஸ் மேப்பிங்'.

'மேப்' லத்தீன் 'மாப்பா'விலிருந்து வந்தது. மாப்பா என்றால் கை துடைக்கும் துணி. துணியில் வரைந்ததால் உலகப் படத்துக்கு 'மாப்பா முண்டி' என்று பெயர் வந்தது; பிறகு துணி மறைந்து படம் மட்டும் நின்றது. நம் 'படம்' வந்த வழியும் இதேதான்! வடமொழிப் 'பட'த்தோடு உறவுள்ள இந்தச் சொல்லுக்கும் முதலில் துணி என்றே பொருள். முல்லைப்பாட்டின் 'படம்புகு மிலேச்சர்' சட்டை போட்ட மிலேச்சர்கள், அதாவது வேற்று நாட்டார்தான். அப்புறம் சீலையில் எழுதிய சித்திரம் படமாயிற்று, கடைசியில் எதில் எழுதினாலும் படம்.

சரி, மேப்பிங்கை எப்படிச் சொல்வது? 'நோய் வரைபடம்' வரைந்து முடித்ததைக் குறிக்கிறது. செய்யும் வேலையைக் குறிக்கவில்லை. 'வரைபடமாக்கல்' பிழையில்லை, ஆனால் ஒரே தடவையில் முடிந்துவிடும் வேலைபோல ஒலிக்கிறது. புள்ளியிடல், கோடிடல் என்பதுபோல 'நோய்ப் படமிடல்' என்பதே என் தேர்வு. ஏனென்றால் இது நோய் ஓயும்வரை நாள்தோறும் இட்டுத் திருத்தும் படம்.

2001இல் பிரிட்டனில் கோமாரி (கால்நடைகளின் வாயிலும் காலிலும் கொப்புளம் வரும் தொற்றுநோய்) முதலில் தெரிந்தது எசெக்ஸில் உள்ள ஓர் இறைச்சிக்கூடத்தில், பிப்ரவரியில். தோண்டிப் பார்த்தால் தொடக்கம் பல நூறு கிலோமீட்டர் வடக்கே, நார்தம்பர்லாந்தின் ஒரு பன்றிப் பண்ணையில். அதற்குள் நோய் தொற்றிய ஆடுகள் சந்தை வழியாகப் பல இடங்களுக்குப் போய்விட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. நோய் கண்ட இடம் வேறு, தொற்றிய இடம் வேறு. படத்தில் இரண்டும் வேண்டும், சந்தைக்குப் போன வழியும் வேண்டும்.

நாளும் அப்படித்தான். நாக்கில் கொப்புளம் உடையாமல் இருந்தால் நோய் தெரிந்து ஓரிரு நாள். உடைந்து ஆறத் தொடங்கியிருந்தால் இன்னும் முந்தியது. நோய் வெளியே தெரியத் தொடங்கிய நாள் என்று மருத்துவர் மாட்டின் வாயைத் திறந்து பார்த்துச் சொல்லும் அந்த நாளைத்தான் பதிய வேண்டும், தகவல் வந்த நாளை மட்டும் பதிந்தால் போதாது. கோமாரி உடலில் நுழைந்து வெளியே தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம் என்பதால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் மாடு எங்கே தொற்று வாங்கியது என்று தேட முடியும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. தொழுவத்தில் நின்று இருப்பிடத்தைப் பதியாமல், அலுவலகத்துக்குத் திரும்பியபின் கைபேசியைத் திறந்து பதிவது. பத்துப் பட்டிகளின் நோயும் ஒரே கட்டடத்தின் மேல் புள்ளியாகக் குவிந்துவிடும். அதைச் சுற்றி 3 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று வட்டம் போட்டுத் தடுப்பூசிக் குழுவை அனுப்பினால், உண்மையில் நோய் இருக்கும் பட்டி வட்டத்துக்கு வெளியே கிடக்கும்.