பார்சல் உடைந்தால், வாங்கியவர் ஏமாற்றினால்: வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்பவர்களுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்திலிருந்து எங்கள் மகளிர் குழு அனுப்பிய ஒரு பெட்டி ஆறாம் நாள் எங்களிடமே திரும்பி வந்தது. கையில் வாங்கும்போதே அட்டை ஊறிப் பிசுபிசுத்தது. உள்ளே 12 மாங்காய்த் தொக்கு பாட்டில். ஏழு உடைந்து, மீதி ஐந்தின் மேலும் எண்ணெயும் கண்ணாடித் தூளும். ஒன்றைக்கூட விற்க முடியாது. கூரியர் அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "ரசீதுக்குப் பின்னாடி படிச்சுப் பாருங்கம்மா, 100 ரூபாய்க்கு மேல தர்றதில்ல" என்றார்கள். அதுதான் சட்டம் போல என்று நினைத்துத் திரும்பிவிட்டோம். சட்டம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கூரியருக்கும் லாரி சர்வீசுக்கும் தனியாக ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. 2007-இல் இயற்றப்பட்டு 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'கேரேஜ் பை ரோடு ஆக்ட்', அதாவது சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். வீட்டுக்கு வந்து எடுத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூரியர் நிறுவனமும் இதற்குள் வரும் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சரக்கு தொலைந்தாலோ உடைந்தாலோ, அவர்கள் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பெட்டி அவர்கள் பொறுப்பில் இருந்தபோது சேதமானது என்பதே முக்கியம். இயற்கைச் சீற்றம், போர், கலவரம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எவ்வளவு கேட்கலாம்? 2011-இல் வந்த விதிகளின்படி, கட்டிய கூரியர் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை. ஆனால் அந்தத் தொகை, புக்கிங் சமயத்தில் நாம் எழுதிக்கொடுத்த பொருள் மதிப்பைத் தாண்டக்கூடாது. எங்கள் கணக்கையே சொல்கிறேன். ஒரு பாட்டில் 240 ரூபாய், 12 பாட்டிலுக்கு 2,880. கூரியர் கட்டணம் 190. பத்து மடங்கு என்றால் 1,900 ரூபாய் கேட்டிருக்கலாம். ஆனால் புக்கிங் சீட்டில் மதிப்பு என்ற இடத்தில் அவசரத்துக்கு 500 என்று போட்டிருந்தோம். அதனால் உச்சமே 500 ஆகிவிட்டது. அந்தக் கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. இனி பில் தொகையை அப்படியே எழுதுங்கள், பில்லின் நகலையும் பெட்டியோடு கொடுங்கள். பட்டுச்சேலை போல விலை கூடிய பொருளென்றால், கூடுதல் கட்டணம் கட்டி முழு மதிப்புக்கும் அவர்களைப் பொறுப்பேற்க வைக்கவும் அதே சட்டத்தில் வழியுண்டு. புக்கிங் செய்யும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வழக்குப் போடுவதற்கு முன்னால் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். பெட்டி திரும்பி வந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. ஜூன் 5 புக்கிங் என்றால் டிசம்பர் 2-க்குள் நோட்டீஸ் அவர்கள் கையில் சேர வேண்டும். "பார்த்துட்டு இருக்கோம், அடுத்த வாரம் சொல்றோம்" என்று இழுத்துக்கொண்டே போனால் நாள் ஓடிவிடும். போனில் கொடுத்த புகார் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வெள்ளைத்தாளில் புக்கிங் எண், தேதி, பொருள், மதிப்பு, என்ன சேதம், எவ்வளவு வேண்டும் என்று எழுதி, கையொப்பம் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வேண்டும் என்பதில்லை.

அஞ்சல் துறை அரசு என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராது. தபாலில் மதிப்புள்ள பொருளை அனுப்பினால் இன்சூர் செய்தே அனுப்புங்கள்.

அடுத்தது வாங்குபவர்கள். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு கெட்ட ஆர்டர் பத்து ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும். பர்கூர் பக்கம் சேலை விற்கும் தங்கை ஒருத்திக்கு, அனுப்பிய புதுச்சேலைக்குப் பதில் துவைத்து வெளுத்த பழைய சேலை ரிட்டர்னில் வந்தது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, பொருள் பழுது, போலி, சொன்னது போல் இல்லை, சொன்ன தேதிக்குப் பின் வந்தது என்றால் விற்பவர் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். 'மனசு மாறிடுச்சு' என்பதற்காக எடுத்துக்கொள்ள அந்த விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தந்தத் தளத்தின் ஒப்பந்தத்தில் இருப்பது. இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ நேராக விற்றால் உங்கள் ரிட்டர்ன் நிபந்தனையைப் பணம் வாங்கும் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.

பொருளை மாற்றி அனுப்புவதும், பணம் போட்டதாகப் பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சரக்கை வாங்கிப் போவதும் மோசடி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வாங்கியவர் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

ஆதாரம் இல்லாமல் இவை எதுவும் நிற்காது. நாங்கள் இப்போது பெட்டியைத் தராசில் வைத்து எடை தெரிய, முகவரிச் சீட்டு தெரிய ஒரே ஓட்டமாக வீடியோ எடுக்கிறோம். ரிட்டர்ன் வந்தாலும் டேப்பை அறுக்கும் முன்பே கேமராவை ஓடவிடுகிறோம். அந்த வீடியோ எடுத்த போனிலேயே அழிக்காமல் இருக்கட்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும்.

கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பிவிடுபவர்கள் மேல் வழக்கு என்று போனால் செலவுதான் மிஞ்சும். கூரியர் கட்டணத்தை மட்டுமாவது முன்பணமாக வாங்கிவிடுவதே வழி.

கடைக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுத்துப் பணம் வராமல் கிடப்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டம், பெரிய ஆயுதம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. சரக்கு சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாதவர், இரண்டு மாதம் கழித்து 'சாமை மாவு சரியில்லை' என்று சொல்லித் தப்ப முடியாது. இதற்கு உத்யம் பதிவு, அதாவது உங்கள் தொழிலை மத்திய அரசின் தளத்தில் பதிந்த சான்று, வேண்டும். அது முழுக்க இலவசம், காசு கேட்டால் போலித் தளம். சரக்கு கொடுக்கும் முன்பே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்த 45 நாள் உரிமை கிடையாது, சொந்தமாகத் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். புகாரை மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் போடலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. 15100-க்குப் போன் செய்யலாம், அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது புக்கிங் ரசீது, பில், நோட்டீஸ் அனுப்பிய ரசீது மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.