ஆபரேஷன் தியேட்டரின் கூரை வழியே போகும் வாயு

ஆபரேஷனின்போது மூச்சோடு உள்ளே போகும் மயக்க வாயுவை நம் உடல் செலவழிப்பதே அபூர்வம். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் நூற்றுக்கு 5 பங்குக்குள்தான் உடலில் மாறுகிறது. டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொன்றில் அதுவும் இல்லை. மிச்சமெல்லாம் குழாய் வழியே மருத்துவமனையின் கூரைக்கு மேலே போய்விடுகிறது.

டெஸ்ஃப்ளூரேன் சுமார் 14 ஆண்டுகள் காற்றில் தங்கும். எடைக்கு எடை, 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். செவோஃப்ளூரேனின் பாதிப்பு இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2023-ல் ஸ்காட்லாந்தின் அரசு மருத்துவத் துறை டெஸ்ஃப்ளூரேனைக் கைவிட்டது.

சரி, மருந்தை மாற்றாமலே குறைக்க முடியுமா? முடியும். நோயாளி விடும் மூச்சு சோடா லைம் நிரப்பிய குப்பி வழியே போகிறது. கரியமில வாயு அதில் சிக்கிக்கொள்ள, மயக்க வாயு திரும்ப நோயாளிக்கே வருகிறது. புதிதாகச் செலுத்தும் வாயு நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால், பழையதில் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டு வீணாகிறது. 1 லிட்டருக்குக் குறைத்தால் அதே வாயு சுற்றிச் சுற்றிப் பயன்படும். ஆக்சிஜன், மயக்க வாயு அளவுகளைக் காட்டும் மானிட்டர் இருக்க வேண்டும். பல தியேட்டர்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவு எளிய வழி எல்லா இடத்திலும் அன்றாடப் பழக்கமாக வேண்டும் என்பது என் ஆசை.

தூக்கியெறியும் பொருட்களைக் குறைப்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு கண்புரை ஆபரேஷனின் கரிம வெளியீடு, பிரிட்டனில் ஆவதில் சுமார் 5 சதவீதம்தான் என்று 2017-ல் வெளியான ஆய்வு கணித்தது. கருவிகளைக் கிருமிநீக்கி மீண்டும் பயன்படுத்துவது முக்கியக் காரணம்.

சென்னையின் தனிச் சிக்கல் ஏசி. தியேட்டர் காற்றை மணிக்கு 20 முறையாவது மாற்ற வேண்டும், அதில் 4 முறை வெளிக்காற்று என்கிறது மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் என்ஏபிஎச் அமைப்பின் வழிகாட்டி. இங்கே வெளிக்காற்று என்றால் வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்துதான் வரும். அந்த ஈரத்தை வடிக்கக் காற்றை அதிகமாகக் குளிர்விக்க வேண்டும். அப்புறம் அறைக்கு ஏற்றபடி மறுபடி சூடாக்குவதும் உண்டு. இரண்டுக்கும் மின்சாரம். ஆளில்லாத இரவில் இதே வேகம் தேவையில்லை. ஆனால் அடியோடு அணைத்தால் வராந்தாக் காற்று உள்ளே புகும், ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். விசிறி வேகத்தைக் குறைத்து, உள் அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் மட்டும் காத்து, காலையில் முதல் நோயாளி வருமுன் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.