தோல்வார் மழுங்கிய கத்தியைக் கூராக்காது

நேற்றும் ஒரு சவரக்கத்தி வந்தது. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது, இரு பக்கமும் குழிவாக இழைத்தது, அருமையான எஃகு. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் வெட்டும் வாய் நெடுக உருண்டு கிடக்கிறது. "தோல்வாரில் நன்றாக அழுத்தித்தான் இழுத்தேன், அப்படியும் முடி வழியவில்லை" என்றார் அந்த இளைஞர். தம்பி, அழுத்தியதால்தான் வழியவில்லை.

சவரக்கத்திகளைக் கல்லில் தீட்டிக் கொடுப்பது என் தொழில். இப்போது என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை சவரத்தில் தேய்ந்தவை அல்ல, வாரில் கெட்டவை. சவரத்துக்கு முன் கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல்பட்டைதான் தோல்வார். அதில் இழுக்க இழுக்கக் கூர் ஏறும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஏறாது. எஃகை அரைத்துப் புது வாய் உண்டாக்குவது கல். வெறும் தோலுக்கு அந்த வலு இல்லை. சவரத்தின்போது நுண்ணியதாகக் கோணிய விளிம்பை அது நேர்ப்படுத்தும், மெருகேற்றும். கூரான கத்தியைக் கூராகவே வைத்திருக்கும். மழுங்கிய கத்தியை நூறு முறை இழுத்தாலும் ஆயிரம் முறை இழுத்தாலும் அது மழுங்கிய கத்திதான். பலம் கொடுத்தால் தோல் அமுங்கி, விளிம்பைச் சுற்றி மேலெழும்பி, இருக்கிற கூரையும் உருட்டிவிடும். கத்தியின் எடையே போதும், உங்கள் கை பலம் வேண்டாம்.

முதுகும் வாயும் ஒன்றாகத் தோலில் படிந்தால் கோணம் தானே அமையும். அதற்காகத்தான் முதுகைத் தடிமனாகச் செய்கிறார்கள். அதைத் தூக்காதீர்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழாமல், அதன்மேலேயே கத்தியைப் புரட்டுங்கள். வாய்ப்பக்கமாகப் புரட்டினால் தோல் அறுபடும், வாயும் போகும். வார் தொய்வில்லாமல் இறுகியிருக்க வேண்டும். அகலம் மூன்று அங்குலம் இருந்தால் நல்லது. குறுகலாக இருந்தால் சாய்வாக இழுங்கள், வாய் முழுவதும் தோலில் பட வேண்டும். சவரத்துக்கு முன் வாரின் துணிப்பக்கம் ஓர் இருபது, தோல்பக்கம் ஓர் ஐம்பது முறை போய் வந்தால் போதும். பழைய சலூன்களில் பெரியவர்கள் படபடவென்று இழுத்ததைப் பார்த்து அதே வேகத்தில் தொடங்காதீர்கள். மழுங்கலான மேசைக் கத்தியில் கை பழகிய பிறகு சவரக்கத்தியைத் தொடுங்கள். முதல் வார் மலிவானதாகவே இருக்கட்டும். அதில் கீறல் விழத்தான் செய்யும்.

முதல் கத்திக்குக் கார்பன் எஃகு, முதுகிலிருந்து வாய் வரை அகலம் எட்டில் ஐந்து அல்லது எட்டில் ஆறு அங்குலம், முனை வட்டம். சதுர முனை காதோரத்தில் வெட்டும், இப்போதைக்கு வேண்டாம். சோலிங்கன் என்ற பெயரை அங்கே செய்த பொருளுக்கு மட்டுமே பொறிக்கலாம் என்று 1938-இலேயே ஜெர்மனியில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரைப் பொறித்த போலிகள் விற்பனைக்கு வருகின்றன. தட்டையான கண்ணாடிமேல் வைத்தால் நல்ல கத்தி ஆடாமல் படியும். பழைய கத்தி என்றால் வாயருகே துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள். புதுக் கத்தி எல்லாமே சவரத்துக்குத் தயாராக வருவதில்லை. கையால் தீட்டிய கத்திதானா என்று விற்பவரிடம் கேட்டே வாங்குங்கள்.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கும் அவர் கை அருமையானது. ஆனால் சுழலும் சக்கரத்தின் சூட்டில் இந்த மெல்லிய வாய் நீலம் பாரித்து, எஃகின் கடினம் இறங்கிவிடும். அப்படி வந்த கத்திகளுக்கு நான் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஒரு கத்தி ஒருவருக்கு மட்டும். அண்ணன் தம்பியானாலும் பகிர வேண்டாம். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். சலூன்கள் அரை பிளேடு மாட்டுகிற கத்திக்கு மாறியதும் இப்படி இரத்தத்தால் தொற்றும் நோய்களின் அச்சத்தால்தான். அந்த வகைக்கு வார் தேவையே இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், கை நடுக்கம் உள்ளவர்களும் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சென்னை ஈரக்காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் புள்ளி விடும். துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். முடியைப் பிடித்து இழுப்பதுபோல் தோன்றியதும் வாரைத் தொங்கவிட்டுவிட்டுக் கத்தியைத் தீட்டக் கொடுங்கள். சற்றே மழுங்கிய வாய்க்கு மென்கல்லில் சில இழுப்புகள் போதும். உருண்டுபோன வாய்க்கு எஃகை அரைத்து எடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் கத்தியின் அகலம் குறையும்.